கோர்ஸை முடிக்காமல் நிறுத்திய டாக்டரோடு நான் போட்ட சண்டை

கொஞ்சம் நீளமான பதிவு. காலைக் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று மட்டும் போடாதீர்கள். விடைத்தாள் திருத்திய கண், எனக்குத் தெரிந்துவிடும்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்தது பாதிப் பேருக்குத் தெரியும். போளூர்ப் பக்கம் நம் சொந்தத்தில் ஒரு குழந்தை பிறந்து, மூன்றாம் நாள் ஐ.சி.யூ.வில் வைத்து ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள் என்று செய்தி வந்ததும் ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். "காய்ச்சலே இல்லாத பச்சப்புள்ளைக்கு எதுக்கு ஊசி? எல்லாம் பில் போடத்தான். கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்றார் ஒருவர். "சாதா ஊசி எல்லாம் இந்தக் காலத்துல வேலைக்கு ஆகாது. செலவானாலும் பரவாயில்ல, பெரிய மருந்தா போடச் சொல்லுங்க" என்றார் இன்னொருவர். மூன்றாவது ஒருவர் வசம்பையும் உரைமருந்தையும் கொண்டு வந்தார். குழந்தை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டது. அதனால்தான் இப்போது நிதானமாக எழுத முடிகிறது.

எல்லோரும் அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் முதல் இரண்டு பேர் சொன்னதும் தப்பு, அதுவும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் தப்பு. இரண்டாவது தப்பை நானே செய்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஆனி மாதம். என் தங்கை மகளுக்கு நாள் கணக்குக்கு ஐந்து வாரம் முன்னதாகவே வலி கண்டு குழந்தை பிறந்துவிட்டது. 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முதல் நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை இரண்டாம் நாள் மார்பில் வாய் வைத்து அப்படியே தூங்கிப்போனது. உள்ளங்காலைச் சுண்டினாலும் அழவில்லை. உடம்பு சுடவில்லை, கை கால் சில்லென்று இருந்தது. "நல்லா தூங்குது, தொந்தரவு பண்ணாத புள்ள" என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். ரவுண்ட்ஸ் வந்த நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐ.சி.யூ.வுக்கு ஓடினார். இன்று நினைத்தாலும் அந்த நர்ஸுக்குக் கும்பிடு போடத் தோன்றுகிறது.

டாக்டர் வயதில் சின்னப் பெண். ரத்தத்தில் கிருமி கலந்திருக்கலாம் என்று சந்தேகம், கல்ச்சருக்கு ரத்தம் எடுத்திருக்கிறோம், அதன் முடிவு வரக் காத்திராமல் ஊசி ஆரம்பித்துவிட்டோம் என்றார். என்ன மருந்து என்று கேட்டேன். ஆம்பிசிலின், ஜென்டாமைசின். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டும் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து மருந்துகள். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரின் பேரனுக்கு வேறு ஊரில் மெரோபெனம் போட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "அதையே போடுங்களேன், பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்றேன். "இப்போது வேண்டாம் அம்மா" என்றார். வெளியே வந்து தங்கையிடம், "இந்தப் பொண்ணுக்கு அனுபவம் போதாது" என்று சொன்னேன். அவர் காதில் விழுந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று வந்தது. குழந்தையும் பால் குடிக்க ஆரம்பித்திருந்தது. ஊசியை நிறுத்திவிட்டார். நான் சண்டைக்கே போய்விட்டேன். ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்தால் கோர்ஸை முடிக்காமல் நிறுத்தக்கூடாது, பாதியில் நிறுத்தினால் பிழைத்த கிருமிகள் பலம் பெறும். இதை நான் முப்பது வருடம் பாடமாக நடத்தியிருக்கிறேன். உங்களில் பல பேர் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அதை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கோர்ஸ் என்பது நோய் இருப்பவர்களுக்கு, டீச்சர். இந்தக் குழந்தைக்குக் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு எதற்குக் கோர்ஸ்?"

எனக்குப் பதில் வரவில்லை. கோபம் மட்டும் இருந்தது. அன்று சாயங்காலம் என் பழைய மாணவி ஒருத்தியைப் போனில் பிடித்தேன். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பல வருடமாக நர்ஸாக இருப்பவள். அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினாள். பிறகு நானே தேடித்தேடிப் படித்தேன். கீழே எழுதுவதில் பாதி அவளிடம் கற்றது.

பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல், நடுக்கம், வலி என்று உடம்பே ஊரைக் கூட்டிவிடும். பிறந்த குழந்தைக்கு அந்தச் சத்தம் போடவே தெரியாது. பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், மூச்சு வேகமாகும் (நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்), நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கும், உடம்பு சுடும் அல்லது சில்லென்று ஆகும். இதே அறிகுறிகள் குளிரில் கிடந்த குழந்தைக்கும் வரும், சர்க்கரை குறைந்த குழந்தைக்கும் வரும், நுரையீரல் முதிராத குழந்தைக்கும் வரும். எது எது என்று பார்த்தவுடன் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. கல்ச்சர் முடிவுக்குக் குறைந்தது ஒன்றரை இரண்டு நாள் வேண்டும். உண்மையிலேயே ரத்தத்தில் கிருமி இருந்தால் அந்த இரண்டு நாள் காத்திருக்கக் குழந்தை இருக்காது. ஆகவே சந்தேகம் வந்தவுடன் ஊசி ஆரம்பிக்கத்தான் வேண்டும். "காய்ச்சலே இல்லை, எதுக்கு ஊசி" என்று கேட்ட அண்ணனுக்கு இதுதான் பதில். கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வருவது குழந்தையை வைத்துச் சூதாடுவது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. 1979-ல் என் அக்காவுக்குக் கலசபாக்கம் பக்கத்துக் கிராமத்தில், வீட்டிலேயே முதல் குழந்தை பிறந்தது. ஆறாம் நாள் பால் குடிப்பதை விட்டது. "சீர் தட்டிடுச்சு" என்றார்கள். பறவை தோஷம் என்று வேர் கட்டினார்கள். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் முடிந்துவிட்டது. குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மா தீட்டோடு வந்துவிட்டாள், அவள் நிழல் பட்டுத்தான் போய்விட்டது என்று என் அம்மா நம்பினார். சாகும்வரை அந்த அம்மாவோடு பேசவில்லை. அந்த அம்மாவும் தன்னால்தான் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அன்று எனக்குக் கல்லூரி வயது. கிருமி பற்றிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன், வீட்டில் வாய் திறக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில்தான். பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகள் 2020 கணக்குப்படி ஆயிரத்துக்கு 9. அகில இந்திய அளவில் அது 20. வேங்கிக்காலில் இருக்கிற நமக்குப் பச்சிளங் குழந்தைப் பிரிவுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்தில். அதற்கும் மேல் வேண்டுமென்றால் வேலூர் இரண்டு மணி நேரம். ஜவ்வாது மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமில்லை என்பதையும் மறக்கவில்லை. ஆனால் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகு வேறொரு ஆபத்து அங்கேயே காத்திருக்கிறது.

டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011-லிருந்து 2014 வரை ஐ.சி.யூ.வில் சேர்ந்த 13,530 பச்சிளங் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2016-ல் லான்செட் குழுமத்தின் இதழில் வெளியிட்டார்கள். சேர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 14 பேருக்குச் செப்சிஸ் என்று முடிவானது. கல்ச்சரில் கிருமி வளர்ந்து உறுதியானது நூற்றுக்கு 6 பேருக்குத்தான். அந்தக் கிருமிகளில் முதலிடம் அசினெட்டோபாக்டர், அடுத்து கிளெப்சியெல்லா. அசினெட்டோபாக்டரில் பத்துக்கு எட்டு, கிளெப்சியெல்லாவில் பாதிக்கு மேல், பல வகை மருந்துகளுக்கும் அடங்காதவை. இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு தகவல். மூன்றில் இரண்டு பங்கு தொற்று பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்திருக்கிறது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பிறந்த மூன்று நாளுக்குள் வரும் தொற்று தாயின் உடம்பிலிருந்து வருவது என்றுதான் மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அங்கே அதற்குப் பெரிய காரணம் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பழைய பென்சிலின் குடும்பத்துக்கே அது அடங்கிவிடும். டெல்லிக் குழந்தைகளிடம் முதல் நாளிலேயே கிடைத்தவை ஆஸ்பத்திரிகளில் குடியிருக்கும் கிருமிகள். அதாவது பிரசவ அறையிலோ, ஐ.சி.யூ.விலோ, யாரோ ஒருவர் கையிலிருந்தோ, ஒரு குழாயிலிருந்தோ, தண்ணீரிலிருந்தோ வந்திருக்க வேண்டும். இவ்வுலகத்துக்கு வந்து கண் திறப்பதற்குள் மருந்துக்கு அடங்காத கிருமி வரவேற்கிறது.

மருந்துக்கு அடங்காத தொற்றால் இந்தியாவில் ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் இறக்கின்றன என்று ஒரு கணக்கு பல இடங்களில் வருகிறது. அது தலை எண்ணிய கணக்கல்ல, மதிப்பீடு. பாதியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பாதி என்றாலும் எத்தனை வீடு?

கிருமிகளுக்கு இந்தப் பலம் எப்படி வந்தது? என்னிடம் படித்தவர்களுக்கு பிளாஸ்மிட் ஞாபகம் இருக்கும், பாக்டீரியா படத்தில் ஓரமாக ஒரு குட்டி வட்டம் போடுவேனே, அது. அதைப் பரீட்சை ஹாலில் கைமாறும் பிட் பேப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை உடைக்கும் வித்தை அதில் எழுதியிருக்கிறது. முதல் பெஞ்சில் இருப்பவன் கடைசி பெஞ்சுக்குத் தள்ளுவதைப் போல, ஒரு கிருமி தன் இனத்துக்கு மட்டுமல்ல, வேற்று இனத்துக்கும் அதைக் கொடுத்துவிடும். எத்தனை மருந்து போடுகிறோமோ அத்தனை பரீட்சை. பிட் வைத்திருப்பவன் மட்டும் பாஸாகிறான்.

இந்தப் பிட் பேப்பர்களில் உலகப் புகழ் பெற்ற ஒன்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. என்.டி.எம்-1 என்ற மரபணு. மெரோபெனம் குடும்பத்தையே உடைத்துப்போடும் நொதியை உண்டாக்குவது. டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போன ஒரு சுவீடன் நாட்டு நோயாளியிடம் 2008-ல் கிடைத்தது. 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்து, அயல்நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, சென்னையிலேயே 44 மாதிரிகளில் அது இருப்பதைக் காட்டியது. ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள் என்று டெல்லியில் பெரிய கூச்சல். 2011-ல் டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரில் 171 மாதிரி எடுத்து 51-லும், குடிநீரில் 50 மாதிரி எடுத்து 2-லும் அதே மரபணுவைக் காட்டினார்கள். பெயரைப் பற்றிப் போட்ட கூச்சலில் நாலில் ஒரு பங்கு தண்ணீரைப் பற்றிப் போட்டிருக்கலாம். நல்ல வேளை, 2012-ல் சென்னையில் டாக்டர்கள் கூடி "சென்னைப் பிரகடனம்" என்று ஒன்றை வெளியிட்டார்கள். முழுக்கச் சரியான திட்டத்துக்குக் காத்திராமல் நடைமுறையில் முடிந்ததை உடனே செய்வோம் என்பது அதன் சாரம். ஒரு வாத்தியாருக்கு மிகவும் பிடித்த அணுகுமுறை. பாஸ் மார்க் முதலில், முதல் மார்க் அப்புறம்.

இப்போது, "பெரிய மருந்தா போடுங்க" என்ற மாமாவுக்கு வருகிறேன். அவரோடு சேர்த்து எனக்கும்.

மருந்துகளில் பெரியது சின்னது இல்லை. இந்தக் கிருமிக்கு எது கேட்கும் என்பதுதான் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் இன்றும் பச்சிளங் குழந்தைக்கு முதலில் சொல்வது ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும்தான். அந்தப் "பழைய" ஜென்டாமைசின் என்ன செய்யும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி சாட்சி. டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதி அங்கே 39 கிராமங்களில் ஊர்ப்பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு தேடிப் போய்க் குழந்தையைப் பார்க்கவும், செப்சிஸ் என்று சந்தேகம் வந்தால் ஜென்டாமைசின் ஊசி போட்டு, கோட்ரைமாக்சசோல் வாய்மருந்து கொடுக்கவும் செய்தார்கள். 1999-ல் வெளியிட்ட கணக்கு: செப்சிஸ் வந்த குழந்தைகளில் முன்பு நூற்றுக்கு 16.6 இறந்தன, அது 2.8 ஆகக் குறைந்தது. எங்கள் அக்கா குழந்தைக்கு 1979-ல் இப்படி ஒரு பெண் வந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை. ஆன்டிபயாடிக்கே ஆகாது என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போகட்டும்.

ஆனால் அதே ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் பல ஆஸ்பத்திரிகளில் இப்போது கேட்பதில்லை என்பதும் உண்மைதான். 11 நாடுகளில், இந்தியாவும் உட்பட, 19 மருத்துவமனைகளில் 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளை 2018-லிருந்து 2020 வரை கவனித்த ஆய்வில் 200-க்கும் மேற்பட்ட விதவிதமான மருந்துச் சேர்க்கைகளைப் பார்த்தார்கள். இருட்டில் ஆளுக்கொரு திசையில் அம்பு விடுகிறார்கள் என்று அர்த்தம். எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற கணக்கு அந்தந்த ஆஸ்பத்திரி டாக்டருக்குத்தான் தெரியும். தெரிய வேண்டும். அந்தக் கணக்கு கல்ச்சர் எடுத்தால்தான் கிடைக்கும். கல்ச்சரே எடுக்காமல் நேராக மெரோபெனத்துக்குப் போகிற இடமாக இருந்தால், அங்கேதான் நாம் மரியாதையாக வாய் திறந்து கேட்க வேண்டும். "டாக்டர், ஊசிக்கு முன்னால் கல்ச்சர் எடுத்தாச்சா? முடிவு எப்போது வரும்? வந்ததும் என்ன செய்வீர்கள்?" இந்த மூன்று கேள்வி போதும். எந்த நல்ல டாக்டரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னைப் போல மருந்தின் பெயரைச் சொல்லி ஆர்டர் பண்ணினால் கோபித்துக்கொள்ளலாம்.

நிறுத்துவதைப் பற்றி. நான் பாடம் நடத்தியபோது ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். உறுதியான தொற்றுக்கு டாக்டர் சொன்ன நாள்வரை மருந்து எடுக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. சந்தேகத்தின் பேரில் ஆரம்பித்த மருந்தை, சந்தேகம் தீர்ந்ததும் நிறுத்த வேண்டும். "இருந்துவிட்டுப் போகட்டுமே, ஐந்து நாள் போட்டால் என்ன கெட்டுவிடும்" என்று நினைப்போம். கெடும். பிறந்த குழந்தையின் குடலில் நல்ல கிருமிகள் அப்போதுதான் குடியேற வருகின்றன. புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச வந்தவர்களையே விரட்டியடித்தால், காலியான வீட்டில் ரவுடிகள் வந்து உட்காருவார்கள். அமெரிக்காவில் மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளை வைத்து 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. கிருமி வளராத நிலையிலும் ஐந்து நாளோ அதற்கு மேலோ மருந்து போட்ட குழந்தைகளிடம் குடல் அழுகும் நோயும் இறப்பும் கூடுதலாகவே காணப்பட்டன. ஒன்று மட்டும்: கல்ச்சர் நெகட்டிவ் என்றாலே எல்லாக் குழந்தைக்கும் நிறுத்திவிட முடியாது. எடுத்த ரத்தம் போதாமல் இருக்கலாம், குழந்தை இன்னும் துவண்டே இருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் குழந்தையைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான், நானோ நீங்களோ அல்ல.

ஒரு டாக்டரின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ஊசியைத் தொடர்ந்தால் யாரும் அவரைக் கேள்வி கேட்பதில்லை. நிறுத்தி, நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் சொந்தக்காரர் கூட்டம் கண்ணாடியை உடைக்கும். தொடர்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அந்தச் சின்னப் பெண் என்னைப் போல ஒரு ரிட்டயர்டு டீச்சர் வாசலில் நின்று கத்தும்போதும் நிறுத்தினாரே, அதற்குத்தான் அனுபவம் வேண்டும். அவரைப் பிறகு போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, "பரவாயில்ல டீச்சர், எங்க பயாலஜி மேடமும் இப்படித்தான்" என்றார்.

மருந்துக்கடை வைத்திருக்கிற என் மாணவர்களுக்கு. உங்களில் ஒருவனிடம் போன மாதம் நேரிலேயே பேசினேன், பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதே. சளி பிடித்த கைக்குழந்தைக்கு ஒரு பாட்டி வந்து சீட்டில்லாமல் சிரப் கேட்கிறார், நீ அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாய், அதில் சிவப்புக் கோடு இருக்கிறது. "நான் குடுக்கலேன்னா அடுத்த கடையில வாங்குவாங்க டீச்சர்" என்றாய். வாங்குவார்கள்தான். 2014 மார்ச் 1 முதல் எச்-1 பட்டியல் என்று ஒரு சட்டமே இருக்கிறது. அதிலுள்ள மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாது, தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கேரளத்தில் 2024-ல் "ஆபரேஷன் அம்ரித்" என்று பெயர் வைத்து, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைச் சோதனை போட்டார்கள். நம் ஊரிலும் ஒரு நாள் வரும். அதிகாரி வந்துதான் நீ திருந்த வேண்டும் என்றால், நான் நடத்திய பாடத்துக்கு என்ன அர்த்தம்? பள்ளியில் உன் நோட்டு எப்போதும் சுத்தமாக இருக்கும். இந்த நோட்டையும் அப்படி வை.

கோழிப்பண்ணைக்காரர்களை மட்டும் விட்டுவிட்டீர்களே என்று யாராவது கேட்பீர்கள். கோழி கொழுக்கத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்த கோலிஸ்டின் என்ற மருந்தை 2019-ல்தான் மத்திய அரசு தடை செய்தது. எதற்கும் அடங்காத கிருமிக்கு ஐ.சி.யூ.வில் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து அது. அதைக் கோழிக்கு ஊட்டியிருக்கிறோம். இதற்கு மேல் சொன்னால் ரத்த அழுத்தம் ஏறும்.

மருந்தில்லாத வழிகளைப் பற்றி யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை, அதில் விற்பதற்கு ஒன்றுமில்லை. வியன்னாவில் 1847-ல் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப்பரிசோதனை செய்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்க வந்த டாக்டர்களைக் கை கழுவ வைத்தார். அந்த வருடம் ஏப்ரலில் நூற்றுக்கு 18 போல இருந்த தாய்மார் சாவு, சில மாதத்தில் 2 அளவுக்கு இறங்கியது. சக டாக்டர்கள் அவரைக் கொண்டாடவில்லை, விரட்டினார்கள். இன்றும் ஒரு பச்சிளங் குழந்தைப் பிரிவில் ஒரு நர்ஸ் எத்தனை குழந்தையைப் பார்க்கிறார், குழாயில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா என்பவைதான் எந்த மருந்தையும்விட முக்கியமான கேள்விகள். என் மாணவி சொன்னாள்: "பத்து குழந்தைக்கு ஒருத்தி நின்னா, ஒவ்வொரு தடவையும் கை கழுவினா வேலை முடியாது டீச்சர், கழுவலேன்னா குழந்தை முடிஞ்சிடும்." அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். புது மருந்து கண்டுபிடிக்கக் கோடிகள் வேண்டும். நர்ஸ் பணியிடத்தை நிரப்ப ஒரு கையெழுத்து போதும். உங்களில் அரசு அலுவலகங்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால் சந்தோஷம்.

வீட்டில் நம் கையில் இருப்பது குறைவில்லை. குறைமாதக் குழந்தையைப் பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சோடு ஒட்டவைத்துக் கட்டும் கங்காரு முறையை, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பரிசோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. செப்சிஸ் சந்தேகமும் குறைந்தது. தாய்க்குத் தாயின் கிருமி, குழந்தைக்கும் அதே கிருமி. ஆஸ்பத்திரிக் கிருமி உட்கார இடமில்லை. ஒடிசாவில் 149 கிராமங்களில் தாய்ப்பால் குடிக்கும் 4,556 குழந்தைகளைச் சேர்த்து, அவர்களில் ஒரு பாதிக்கு நல்ல பாக்டீரியாவையும் அதற்கு உணவையும் ஒரு வாரம் கொடுத்ததில், செப்சிஸும் இறப்பும் சேர்ந்து 40 சதவீதம் குறைந்ததாக 2017-ல் நேச்சர் இதழில் வந்தது. இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய்ப் புரோபயாடிக் பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அது குறிப்பிட்ட ஒரு வகைப் பாக்டீரியா, நல்ல எடையுள்ள குழந்தைகள். குடலில் யார் முதலில் குடியேறுகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்டத்தான் சொன்னேன். தமிழ்நாட்டில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைக்கும் குழந்தைகள் அந்தக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 60 பேர்தான். மீதி 40 குழந்தைகள் வாயில் முதலில் போவது என்ன? சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், பாட்டியின் விரலில் தொட்ட தேன், கல்லில் உரைத்த மருந்து. எங்கள் தெருவில் இப்போதும் கழுதையைக் கூட்டிக்கொண்டு குரல் கொடுத்து வருகிறார்கள். பாட்டிமார்களே, நானும் உங்கள் வயதுதான். நம் கைப்பக்குவம் ரசத்தில் காட்டுவோம், இதில் வேண்டாம்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. ஆனியில் பிறந்த அந்தப் பொடியன் இப்போது மாடிப்படியில் ஏறி என்னைப் பதற வைக்கிறான். அவன் அம்மாவுக்கு வருகிற தை மாதம் அடுத்த பிரசவம், எங்கள் வேங்கிக்கால் வீட்டில்தான் இருப்பாள். குழந்தை வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகும்வரை பார்க்க வர வேண்டாம். போட்டோ அனுப்புகிறேன். அதற்கு முன் வந்தே தீருவேன் என்கிறவர்கள் வாசல் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் வாசலோடு. பௌர்ணமிக் கிரிவலம் முடித்து நேராக வந்து குழந்தை நெற்றியில் விபூதி பூசி வாயிலும் ஒரு சிட்டிகை போடுகிற வழக்கம் நம் வீட்டில் இருக்கிறது. அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார், விபூதியை என்னிடம் கொடுத்துவிடுங்கள், நான் பூசிக்கொள்கிறேன். காபி உண்டு, முறுக்கு உண்டு. குழந்தையை மட்டும் கையில் தர மாட்டேன்.